பழைய ரஷ்யக் குழுப்பாட்டை மீட்டெடுப்பது எப்படி: கொக்கிக் குறியிலிருந்து கிராமத்துக் குரல் வரை

ரஷ்யக் குழுப்பாட்டு என்றதும் பலருக்கும் ராணுவச் சீருடையில் வரிசையாக நின்று முழங்கும் ஆண்களும், பூப்போட்ட சட்டையில் பலலைக்கா என்ற முக்கோணத் தந்தி வாத்தியத்தோடு குதிக்கும் ஆட்களும்தான் கண்முன் வருவார்கள். அதெல்லாம் மேடைக்கென்று செய்த சரக்கு. நான் சொல்லப்போவது அதற்கு முந்தியது. ஒன்று, தேவாலயத்தில் எந்த வாத்தியமும் இல்லாமல் எல்லோரும் ஒரே வரியைப் பாடிய ஸ்நாமென்னி பாட்டு. இன்னொன்று, கிராமத்தில் கல்யாணத்துக்கும் அறுவடைக்கும், சும்மா வாசலில் உட்கார்ந்து பொழுது போக்கவும், ஆளுக்கொரு குரலாகப் பின்னிப் பாடிய பாட்டு. இரண்டும் ஏறக்குறைய ஓய்ந்துபோய், போன நூற்றாண்டின் கடைசி முப்பது ஆண்டுகளில் சின்னச் சின்னக் குழுக்கள் எடுத்துப் பாடித்தான் மறுபடி மூச்சு வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து இதில் இறங்க நினைத்தால் எங்கே தொடங்கி எப்படிப் போவது என்பதை வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்று. ஏட்டில் இருப்பது பாதிதான். மீதி ஆட்களின் தொண்டையில் இருக்கிறது. ஏட்டைப் படிக்கத் தெரிந்துவிட்டால் பாட்டு வந்துவிடும் என்று நம்பி உட்கார்ந்தவர்கள் பாடியதைக் கேட்டால், சுரமெல்லாம் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் இருக்காது. அதனால் கீழே வரும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் காது, அப்புறம் நாக்கு, அப்புறம்தான் ஏடு.

எது போனது, ஏன் போனது

இதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ளாமல் இறங்கினால் எந்தப் பதிவு எந்த வகை என்றே புரியாது. 988இல் கீயெவ் இளவரசர் விளதீமிர் ஞானஸ்நானம் பெற்ற பிறகு பைசாந்தியத்திலிருந்து வழிபாடும் அதன் பாட்டும் ஸ்லாவோனிய மொழிக்கு வந்தன. இன்று கிடைக்கும் மிகப் பழைய பாட்டேடுகள் 11, 12ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. சொல்லுக்கு மேலே எழுதும் குறிக்கு ‘ஸ்நாம்யா’ என்று பெயர், அதிலிருந்துதான் ஸ்நாமென்னி. அந்தக் குறிகளில் அடிக்கடி வருவது கொக்கி மாதிரி இருக்கும், ரஷ்யனில் ‘க்ரூக்’, அதனால் மொத்தக் குறிமுறையையுமே க்ரூக்கி என்று சொல்வார்கள்.

17ஆம் நூற்றாண்டின் நடுவில் இரண்டு அடி ஒன்றாக விழுந்தது. கீயெவ், போலந்துப் பக்கமிருந்து பல குரல் சேரும் புதுப்பாணி மாஸ்கோவுக்கு வந்தது. அதே சமயம் ரஷ்யத் திருச்சபையின் தலைவரான குலபதி நீக்கன் வழிபாட்டு நூல்களையும் சடங்குகளையும் திருத்தினார். அதை ஏற்காதவர்களை 1666–67இல் கூடிய திருச்சபைச் சங்கம் சபித்து ஒதுக்கியது. அவர்கள்தான் பழைய நம்பிக்கையாளர்கள், ரஷ்யனில் ஸ்தாரோவெரி. அரசுத் திருச்சபை ஐந்து கோட்டுச் சதுரச் சுரங்களுக்கு மாறி, 1772இல் அந்த எழுத்தில் பாட்டு நூல்களை அச்சிட்டது; பிறகு பீட்டர்ஸ்பர்க் அரசவையில் இத்தாலியப் பாணி கோலோச்சியது. ஒதுக்கப்பட்டவர்கள் காட்டுக்கும் எல்லைக்கும் சைபீரியாவுக்கும் ஓடினார்கள், ஓடும்போது கொக்கி ஏடுகளையும் தூக்கிக்கொண்டு போனார்கள். துரத்தியவர்கள் தொலைத்ததை ஓடியவர்கள் காப்பாற்றினார்கள். இன்றைக்கு ஸ்நாமென்னி பாட்டு அறுபடாமல் கேட்கக் கிடைக்கிறதென்றால் அதற்கு இவர்கள்தான் காரணம்.

19ஆம் நூற்றாண்டில் ரசுமோவ்ஸ்கி, ஸ்மொலென்ஸ்கி போன்ற அறிஞர்கள் ஏடுகளைத் தேடிப் படித்தார்கள். ஸ்மொலென்ஸ்கி 1889 முதல் 1901 வரை, தேவாலயப் பாட்டு கற்பித்த மாஸ்கோ சினோடல் பள்ளியின் தலைவர். இசையமைப்பாளர்கள் கஸ்தால்ஸ்கி, ரஹ்மானினொவ் எல்லாம் பழைய மெட்டுகளை எடுத்துக் குழுவுக்கு எழுதியது அந்த அலையில்தான். ரஹ்மானினொவின் 1915ஆம் ஆண்டு இரவு வழிபாட்டு இசை அருமையானது, ஆனால் அது பழைய பாட்டு அல்ல, பழைய பாட்டின் மேல் கட்டிய புது மாளிகை. மீட்பில் இறங்குகிறவர்கள் பாதிப்பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். புரட்சிக்குப் பிறகு அந்தப் பள்ளியும் மூடப்பட்டது. சோவியத் காலத்தில் பிராஷ்னிகொவ், உஸ்பென்ஸ்கி மாதிரி சிலர் இதை ஆராய்ச்சியாக மட்டும் உயிரோடு வைத்திருந்தார்கள்.

படி 1: மூன்று மாதம் வாயைத் திறக்காமல் கேட்பது

கேட்க வேண்டியவை மூன்று வகை. மூன்றையும் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள்.

முதல் வகை, பழைய நம்பிக்கையாளர்களின் வழிபாட்டுப் பதிவுகள். மாஸ்கோவில் 1771இல் தொடங்கிய ரகோஷ்ஸ்கொயெ, ரிகாவில் 1760இல் உருவான கிரெபென்ஷிகொவ் சமூகம், இப்படிப் பெரிய மையங்கள் உண்டு. கேட்டவுடன் பிடிக்காது. குரல் நேராக, அதிர்வே இல்லாமல், சில இடங்களில் கொஞ்சம் மூக்கோடு வரும். அழகுபடுத்தும் எண்ணமே தெரியாது. பத்து நாள் விடாமல் கேளுங்கள்.

இரண்டாவது வகை, கிராமத்துப் பதிவுகள். பெல்கோரத் பகுதியின் உரத்த மார்புக்குரல், வடக்கின் அடக்கமான குரல், தோன் கசாக்குகளின் பாட்டு, பைக்காலுக்கு அப்பால் இருக்கும் செமெய்ஸ்கியே மக்களின் அடர்ந்த பல குரல் பாட்டு. இந்தச் செமெய்ஸ்கியேக்களும் பழைய நம்பிக்கையாளர்கள்தான். இரண்டாம் கத்தரீன் காலத்தில் குடும்பம் குடும்பமாகச் சைபீரியாவுக்குப் பெயர்க்கப்பட்டவர்கள். 2001இல் யுனெஸ்கோ இவர்களுடைய வாய்மொழிப் பண்பாட்டை அருஞ்செல்வமாக அறிவித்தது. இவர்களைக் குறிப்பாகக் கேட்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வழிபாட்டில் ஒற்றை வரி, விருந்தில் ஆளுக்கொரு வரி, இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகிறது. கோயில் பாட்டு வேறு, நாட்டுப்பாட்டு வேறு என்று பாடத்திட்டம் போடும் பிரிவு அங்கே அவ்வளவு கறாராக இல்லை.

மூன்றாவது வகை, மீட்புக் குழுக்கள். திமீத்ரி பக்ரோவ்ஸ்கி 1973இல் தொடங்கிய குழு, அனதோலி கிரிந்தென்கோவின் ‘பழைய ரஷ்யப் பாட்டு’ ஆண்கள் குழு, 1989இல் அந்திரெய் கோத்தொவ் தொடங்கிய சீரின். இவர்களை இரண்டு மாதம் கழித்துக் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் அவர்களுடைய தீர்வுகள் உங்கள் காதில் ‘மூலம்’ என்று பதிந்துவிடும், அப்புறம் அழிப்பது கஷ்டம்.

படி 2: ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுப்பது

புதுக்குழுக்கள் எல்லாம் செய்யும் தப்பு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடுவது. கோயில் பாட்டில் ஒரே ஒரு ‘கிளாஸ்’ எடுங்கள். நாட்டுப்பாட்டில் ஒரே ஒரு கிராமம், ஒரு வட்டாரம்கூட வேண்டாம்.

கிளாஸ் என்றால் என்ன? மொத்தம் எட்டு. வாரத்துக்கு ஒன்றாக முறை மாறி எட்டு வாரத்தில் ஒரு சுற்று முடியும், அந்தச் சுற்றுக்கு ‘ஸ்தோல்ப்’, தூண் என்று பெயர். எட்டுச் சுர வரிசைகள் போலும் என்று நினைத்தால் தப்பு. ஒவ்வொரு கிளாஸுக்கும் சொந்தமான சின்னச் சின்ன இசைத்துண்டுகள் உண்டு, ‘பொபெவ்கா’ என்பார்கள். சங்கீதம் கற்றவர்களுக்கு இது எளிது: ராகத்தைக் காட்டிக்கொடுக்கும் பிடிகள் என்று சொல்வோமே, கிட்டத்தட்ட அதுதான். ஆரோகணம் பார்த்துக் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியாது, பிடியைக் கேட்டுத்தான் சொல்ல முடியும். ஒரு கிளாஸின் பிடிகளே பல பத்து இருக்கும். ஒரு வருடத்துக்கு இது தாராளம்.

படி 3: நாக்கைப் பழக்குவது

கோயில் பாட்டின் மொழி திருச்சபை ஸ்லாவோனியம், பேச்சு ரஷ்யன் அல்ல. ரஷ்யன் தெரிந்தவர்களே இங்கே சறுக்குவார்கள். அழுத்தம் இல்லாத ‘ஒ’வைப் பேச்சில் ‘அ’ என்று சொல்லும் பழக்கம் இங்கே ஆகாது, எழுதியபடியே ‘ஒ’.

இதைவிடச் சுவாரசியமான சிக்கல் ஒன்று உண்டு. பழைய ஸ்லாவிய மொழியில் மிகக் குறுகிய இரண்டு உயிரெழுத்துகள் இருந்தன. பேச்சில் அவை தேய்ந்து மறைந்தன. ஆனால் பாட்டில் அந்த எழுத்துக்கு மேலே ஏற்கெனவே ஒரு குறி உட்கார்ந்திருக்கிறதே, சுரம் இருக்கும்போது எழுத்தை எப்படி விடுவது? பாடகர்கள் விடவில்லை. அந்த இடத்தில் முழு ‘ஒ’வும் முழு ‘எ’வும் போட்டுப் பாடினார்கள். ‘இன்று’ என்ற பொருளுள்ள ‘த்னெஸ்’ பாட்டில் ‘தெனெசெ’ ஆனது. ‘பாவம் செய்தோம்’ என்ற சொல் ‘சொக்ரெஷிஹொமோ’ என்று முடிந்தது. இப்படி ஹொமோ, ஹொமோ என்று முடிவதால் இந்த உச்சரிப்புக்கே ‘ஹொமோனியா’ என்று பெயர் விழுந்தது, கொஞ்சம் கிண்டலாகத்தான். 17ஆம் நூற்றாண்டில் இதைத் திருத்திவிட்டார்கள். பழைய நம்பிக்கையாளர்களில் பாதிரியார் இல்லாத பிரிவினரான பொமோர்கள் இன்றும் அப்படியே பாடுகிறார்கள். பாதிரியார் உள்ள பிரிவினர் திருத்திய உச்சரிப்பில் பாடுகிறார்கள். நீங்கள் எந்த ஏட்டை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்து முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். பாதிப் பாட்டில் மாற்றினால் நகைச்சுவை ஆகிவிடும்.

சொல்லைச் சுரம் இல்லாமல், ஒரே சுருதியில், சேர்ந்து வாசித்துப் பழகுவது இரண்டு வாரமாவது நடக்கட்டும். வழிபாட்டில் இப்படி வாசிப்பதும் ஒரு கலை. இதிலேயே மூச்சு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும்.

படி 4: பன்னிரண்டு படிகள்

ஸ்நாமென்னி பாட்டின் சுர ஏணியில் பன்னிரண்டு படிகள். மூன்று மூன்றாக நாலு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் முழுச்சுர இடைவெளி, ஒரு கூட்டத்திலிருந்து அடுத்த கூட்டத்துக்குத் தாண்டும் இடத்தில் அரைச்சுரம். கூட்டங்களின் பெயரும் அழகு: கீழே ‘எளியது’, அடுத்து ‘இருண்டது’, அடுத்து ‘ஒளியுள்ளது’, உச்சியில் ‘மும்மடங்கு ஒளியுள்ளது’.

கர்நாடகச் சுரம் தெரிந்தவர்கள் கீழ்ப்படியை ச என்று வைத்துப் பாடிப் பாருங்கள். ச, சதுஸ்ருதி ரி, அந்தர க. ம, ப, சதுஸ்ருதி த. கைசிகி நி, மேல் ச, ரி. சாதாரண க, ம, ப. கவனித்தீர்களா? கீழ் ஸ்தாயி முழுக்க ஹரிகாம்போஜி, மேல் ஸ்தாயிக்குப் போனதும் காந்தாரம் இறங்கிக் கரகரப்ரியா வாசனை அடிக்கிறது. ஒரு ஸ்தாயியில் இருக்கும் சுரம் அடுத்த ஸ்தாயியில் அப்படியே இருக்க வேண்டும் என்ற நம்முடைய எதிர்பார்ப்பு இங்கே செல்லாது. ராகம் என்று நினைத்துவிடாதீர்கள், காது பழகுவதற்கு ஒரு வழி, அவ்வளவுதான். கமகம் போட்டால் கெட்டது. சுருதி எங்கே வைப்பது என்பது பாடுகிறவர் வசதி, நிலையான சுருதி கிடையாது.

தினமும் பத்து நிமிடம் இந்த ஏணியை ஏறி இறங்குங்கள். ஹார்மோனியம் வேண்டாம். ஒருவர் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாட வேண்டும்.

படி 5: கொக்கிகளைப் படிப்பது

பல பேர் முதலில் ஓடி வருவது இந்தப் படிக்குத்தான், பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். பெயர்களும் அப்படித்தான்: புறாக்குஞ்சு, கிண்ணம், குட்டிப் பெஞ்சு, சிலந்தி, தோணியில் இரண்டு பேர்.

முதல் மாதம் ஆறு குறி போதும். பரக்லீத், பாட்டின் தொடக்கத்தில் நிற்கும். ஸ்தோபித்ஸா, ஒரு சாதாரணச் சுரம், வரிசையாக வந்தால் ஒரே படியில் சொல்லிக்கொண்டே போகலாம். க்ரூக், அதுவும் ஒரு சுரம், ஆனால் கொஞ்சம் எழும்பி அழுத்தமாக. ஸ்தத்யா, நீளமான சுரம், வரி முடியும் இடங்களில். வேகமான புறாக்குஞ்சு, மேலே ஏறும் இரண்டு விரைவுச் சுரங்கள். கிண்ணம், கீழே இறங்கும் இரண்டு சுரங்கள். இந்த ஆறை வைத்தே எளிய பாட்டுகளின் பெரும்பகுதியை ஓட்டிவிடலாம்.

குறி ‘எப்படி நகர வேண்டும்’ என்று சொல்லும், ‘எந்தப் படியில்’ என்று துல்லியமாகச் சொல்லாது. பழங்காலத்துப் பாடகருக்கு அது தேவைப்படவில்லை, பாட்டு ஏற்கெனவே மனப்பாடம். நமக்குத் தேவை. அதனால்தான் எந்தக் காலத்து ஏடு என்பது முக்கியமாகிறது. 17ஆம் நூற்றாண்டின் முதல் பகுதியில் குறிக்குப் பக்கத்தில் சிவப்பு மையால் குட்டி எழுத்துகள் போடும் வழக்கம் வந்தது, நோவ்கொரதைச் சேர்ந்த இவான் ஷைதூர் பெயரில் இதைச் சொல்வார்கள். ‘ந’ என்றால் தாழ்வாக, ‘ச’ என்றால் நடுக்குரலில், ‘ம’ என்றால் இருண்டு, ‘வ’ என்றால் உயரமாக, இப்படி அந்த ரஷ்ய எழுத்துகள் படியைக் காட்டிவிடும். ‘ப’ வேகத்துக்கு, ‘த’ நிதானத்துக்கு, ரஷ்யனில் போர்ஸோ, தீஹோ. 1668இல் அலெக்சாண்டர் மெசெனெத்ஸ் தன் அரிச்சுவடியில் இந்தச் சிவப்பு எழுத்துக்குப் பதிலாகக் குறியோடேயே ஒட்டிய கறுப்புக் கோடுகளைக் கொண்டுவந்தார்; இரண்டு நிறத்தில் அச்சடிக்கும் தொல்லை இல்லாமல் ஒரே நிறத்தில் அச்சிடலாம் என்ற கணக்கு. ஸ்மொலென்ஸ்கி 1888இல் கசானில் அந்த அரிச்சுவடியைப் பதிப்பித்தார். அறிஞர்களுக்குக் கதவு திறந்தது அதிலிருந்துதான்.

ஆக, சிவப்பு எழுத்து உள்ள ஏட்டில் தொடங்குங்கள். அதில் ஒரு பாட்டு வசப்பட்ட பிறகு, அதே பாட்டின் பழைய, சிவப்பு எழுத்து இல்லாத பிரதியைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பின்னால் வந்ததைக் கைவிளக்காகப் பிடித்துக்கொண்டு முன்னால் போவதுதான் இந்தத் துறையின் முறை. இப்படிப் போனால் 15ஆம் நூற்றாண்டு வரை ஓரளவு தைரியமாகப் போகலாம். அதற்கு முன்னால் போகப் போக ஊகம் கூடிக்கொண்டே வரும். ‘கொந்தாக்’ என்ற துதிப்பாட்டுகளைத் தொகுத்த மிகப் பழைய கொந்தகார் ஏடுகளின் குறிமுறை வேறு ரகம், அதை யாரும் இன்னும் முழுமையாகப் படித்து முடிக்கவில்லை. ‘11ஆம் நூற்றாண்டுக் கொந்தகார் பாட்டு, அசல்’ என்று யாராவது இசைத்தட்டு விற்றால் ‘அசல்’ என்ற சொல்லை மட்டும் மனதுக்குள் அழித்துவிட்டு வாங்குங்கள்.

இன்னொரு பொறி ‘ஃபீத்தா’. கிரேக்க தீட்டா எழுத்தை உள்ளே வைத்து எழுதிய ஒரு குறிக்கூட்டம். பார்த்தால் நாலு குறிதான் இருக்கும், பாடினால் ஒரே அசையில் நீளமாக ஓடும். குறியைக் கூட்டிப் படித்தால் அந்த மெட்டு வராது, பூட்டி வைத்த ரகசியம் மாதிரி. அதன் விரிவு எழுதிய தனிக் கையேடுகள் உண்டு, ஃபீத்னிக் என்பார்கள். அது கையில் இல்லாமல் ஃபீத்தாவைத் தொடாதீர்கள். முதல் வருடம் ஃபீத்தா இல்லாத பாட்டாகவே பொறுக்கிக்கொள்வது இன்னும் புத்திசாலித்தனம்.

ஏடுகளுக்கு எங்கே போவது என்று கேட்கலாம். திரோயித்ஸா செர்கியெவ் மடத்து நூலகத்தின் கையெழுத்து ஏடுகள் இப்போது ரஷ்ய அரசு நூலகத்தில் இருக்கின்றன, படமெடுத்து இணையத்தில் பொதுவில் போட்டிருக்கிறார்கள். 2021இல் வந்த யூனிகோட் 14.0 பதிப்பில் ஸ்நாமென்னி குறிகளுக்கென்றே தனித் தொகுதி சேர்ந்துவிட்டது, எழுத்துரு போட்டுக்கொண்டால் உங்கள் பாட்டுத்தாளை நீங்களே தட்டச்சு செய்யலாம். ஆனாலும் முதல் பத்துப் பாட்டைக் கையால் படியெடுங்கள், மையும் சிவப்பும் வைத்து. கை எழுதும் வேகத்தில்தான் பிடிகள் மனதில் உட்காரும்.

படி 6: சேர்ந்து நிற்பது

ஆறு முதல் எட்டுப் பேர் போதும். கை ஆட்டும் நடத்துநர் வேண்டாம். பழைய நம்பிக்கையாளர்களிடம் ‘கலோவ்ஷிக்’ என்று ஒருவர் இருப்பார், தலைமைப் பாடகர். அவரே எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் அவர் குரலுக்குள் நுழைந்துகொள்வார்கள். எல்லோரும் ஒரே பெரிய ஏட்டைச் சுற்றி நிற்பது நல்ல பழக்கம். ஆளுக்கொரு தாள் கொடுத்துப் பாருங்கள், அரை மணியில் ஆளுக்கொரு பாட்டாகிவிடும்.

மூச்சைப் பங்கு போட்டு எடுக்க வேண்டும். பக்கத்தில் நிற்பவர் மூச்சு வாங்கும்போது நீங்கள் வாங்கக் கூடாது, திரும்ப நுழையும்போது கதவைத் தட்டாமல் நுழைய வேண்டும். வெளியே கேட்பவருக்கு எட்டுப் பேரும் மூச்சே விடாத மாதிரி இருக்கும். இதற்கு மட்டும் ஒரு மாதம் ஆகும், ஆகட்டும்.

தாளம்? கிடையாது. மெட்ரோனோமைத் தூக்கி உள்ளே வையுங்கள். சொல்லின் எடையும் அன்றைய வழிபாட்டின் எடையும்தான் வேகம். ஈஸ்டருக்கு முந்திய பெரிய நோன்பு நாள் வேகமும் ஈஸ்டர் இரவின் வேகமும் ஒன்றாக இருக்காது.

சுருதிப் பெட்டியையும் மூடி வையுங்கள் என்று சொன்னால் நம் ஆட்களுக்குக் கோபம் வரும். மீட்புக் குழுக்கள் சிலவற்றின் பதிவுகளில் அடியில் ஒரு நீண்ட ஆதாரக் குரல் ஓடும், ‘இசோன்’ என்பார்கள், கேட்க மயக்கமாக இருக்கும். கிரேக்கத் தேவாலயத்தில் அது உண்டு. ரஷ்ய ஏடுகளில் அது எழுதப்பட்டதில்லை, பழைய நம்பிக்கையாளர்களும் அதைப் பாடுவதில்லை. எனக்கு அது கைத்தடி மாதிரிதான் தெரிகிறது: ஒற்றை வரி மெலிதாக இருக்குமோ என்ற பயத்தில் போடுவது. எட்டுப் பேர் உண்மையிலேயே ஒன்றாகப் பாடினால் அந்த ஒற்றை வரி மெலிதாக இருக்காது. போட்டே ஆக வேண்டும் என்றால் போடுங்கள், போட்டது நாங்கள்தான் என்று சொல்லிவிடுங்கள்.

படி 7: கிராமத்துக்குப் போவது

இப்போது பாதை அப்படியே திரும்புகிறது. இங்கே ஏடே கிடையாது. இருப்பதெல்லாம் பாடுகிறவர்களும், அவர்கள் போன பிறகு ஒலிப்பதிவுகளும்.

இந்தப் பாட்டைப் பட்டணத்துக் காதால் கேட்டு எழுதியவர்கள் நெடுநாள் தப்பாகவே எழுதினார்கள். ஒரே ஒருவரைப் பாடச் சொல்லி அந்த மெட்டைக் குறித்துக்கொண்டு, அடியில் தங்களுக்குத் தெரிந்த ஐரோப்பிய ஒத்திசையைப் போட்டார்கள். எவ்கேனியா லின்யோவா 1897இல் போனோகிராப் என்ற ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு கிராமங்களுக்குப் போன பிறகுதான் விஷயம் தெளிவானது: கூட்டத்தில் ஒவ்வொருவரும் அதே மெட்டின் தன் வடிவத்தைப் பாடுகிறார்கள், சில இடத்தில் பிரிந்து சில இடத்தில் ஒன்றாகிறார்கள். ‘மெட்டும் துணைக்குரலும்’ என்ற பிரிவே அங்கே சரிவராது. பின்னாளில் ஆளுக்கொரு ஒலிவாங்கி வைத்துப் பதியும் முறை வந்தது, ஒவ்வொரு குரலையும் தனியாகவும் சேர்த்தும் கேட்கலாம். நீங்கள் பதிவெடுக்கப் போனால் இதையே செய்யுங்கள், இன்று செலவும் குறைவு.

1911இல் மித்ரஃபான் பியத்னீத்ஸ்கி செய்தது நினைவில் வைக்க வேண்டியது. வரோனெஷ், ரியசான், ஸ்மொலென்ஸ்க் பகுதி விவசாயிகளையே மாஸ்கோ மேடைக்கு அழைத்துவந்து, ஊரில் பாடுகிற மாதிரியே பாடச் சொன்னார். அவர் இறந்த பிறகு அதே குழு அரசுக் குழுவாகி, 1938இல் வாத்தியக்குழுவும் நடனக்குழுவும் சேர்ந்து, பெயர் மட்டும் மிஞ்சி வேறொன்றாக மாறியது. பக்ரோவ்ஸ்கி 1973இல் எதிர்த்திசையில் நடந்தார். பட்டணத்து ஆட்களைக் கூட்டிக்கொண்டு கிராமங்களுக்குப் போய், பாட்டிகளோடு உட்கார்ந்து, அவர்கள் பாடுவதைப் பாடிப் பாடிக் கற்றுக்கொள்ள வைத்தார்.

போனால் எப்படி நடந்துகொள்வது? முதல் நாளே ஒலிவாங்கியை நீட்டாதீர்கள். எந்தப் பாட்டு எப்போது பாடுவது என்று கேளுங்கள், வரிகளைவிட அதுதான் பெரிய செய்தி. வசந்தப் பாட்டு வசந்தத்துக்குத்தான், கல்யாணப் புலம்பல் கல்யாணத்துக்குத்தான். பெரிய நோன்பில் ஆட்டப்பாட்டு பாட மாட்டார்கள், அந்த நாட்களில் பக்திக் கதைப்பாட்டுகள் வரும். ‘துஹோவ்னி ஸ்தீஹ்’ என்ற அந்த வகை இந்த இரண்டு உலகத்துக்கும் நடுவில் நிற்பது. விவிலியமும் புனிதர் கதையும் சாவும் தீர்ப்பும் பாடுபொருள், மெட்டு பாதி கோயில், பாதி கிராமம். அந்தக் காலத்தில் ஊர் ஊராகப் போன பார்வையற்ற பாடகர்கள் இதைப் பாடிப் பிச்சை எடுத்தார்கள், கையில் சக்கரம் சுற்றி ஒலிக்கும் லீரா. இரண்டையும் சேர்த்து மீட்க நினைக்கும் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை.

படி 8: குரலும் நீட்டுப்பாட்டும்

கிராமத்துக் குரல் பேச்சுக்குரலின் நீட்சி. வயலில் எதிர்க்கரையில் இருப்பவரைக் கூப்பிடுவது மாதிரி கூப்பிட்டுப் பாருங்கள், கத்தாமல். அந்த இடத்திலிருந்துதான் பாட்டு தொடங்குகிறது. இசைக்கல்லூரியில் பாடிப் பழகியவர்களுக்கு இது ரொம்பக் கஷ்டம், அவர்களுக்கு முதலில் அழகை மறக்க வேண்டியிருக்கும். தொண்டை வலித்தால் நிறுத்துங்கள்; சரியாகச் செய்தால் வலிக்காது, எழுபது வயதுப் பாட்டிகள் ராத்திரி முழுக்கப் பாடுகிறார்கள்.

குரல்களின் அமைப்பு ஊருக்கு ஊர் மாறும். பெல்கோரத் பக்கம் ‘தடித்த குரல்’, ‘மெல்லிய குரல்’ என்றே பேசிக்கொள்வார்கள். தோன் கசாக்குப் பாட்டில் உச்சியில் ஒரே ஒருவர் ‘திஷ்கந்த்’ பாடுவார், பெரும்பாலும் சொல்லே இல்லாமல் வெறும் உயிரொலிகளில் மிதப்பார். பொதுவாக ஒருவர் ‘ஸப்பேவ்’ எடுப்பார், கூட்டம் பின்பாட்டாக வந்து சேரும்.

எல்லாவற்றிலும் கடினமானது ‘பிரத்யாஷ்னயா’, நீட்டுப்பாட்டு. நாலு வரிப் பாட்டு பத்து நிமிடம் ஓடும். நடுச்சொல்லில் அறுத்து மூச்சு விட்டு, மறுபடி அந்தச் சொல்லை முதலிலிருந்து எடுத்து முடிப்பார்கள். இடையிடையே ஓய், தா, எய் என்று அசைகள் நுழையும். தாளில் எழுதிப் பார்த்தால் சொல்லே புரியாது. அந்த அசைகளை அலங்காரம் என்று நினைத்து நீக்கிவிட்டால் பாட்டு உட்கார்ந்துவிடும், ஏனென்றால் மெட்டு அந்த அசைகளின் மேல்தான் நடக்கிறது. பாடப் பாடச் சுருதி மெல்ல மேலே ஏறுவதும் பல கிராமப் பதிவுகளில் உண்டு. திருத்தாதீர்கள்.

பழகும் முறை: ஒரு பதிவு, ஒரு குரல். ஒவ்வொருவரும் அந்தப் பதிவில் ஒரு ஆளைத் தேர்ந்தெடுத்து அவர் மாதிரியே, அவர் தும்மினால்கூட விடாமல், முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை பாட வேண்டும். பிறகு ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒரே பாட்டில் நாலு ஆட்களைப் பாடி முடித்தவருக்கு ஐந்தாவது வடிவம் தானாக வாயில் வரும். அதற்கு முன்னால் ‘சொந்தமாக மாற்றிப் பாடுகிறேன்’ என்று யாராவது சொன்னால் அனுமதிக்காதீர்கள்.

படி 9: எங்கே, யார் முன்னால் பாடுவது

ஸ்நாமென்னி பாட்டு வழிபாட்டின் பகுதி. உங்களுக்கு அந்த நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம், கற்றுக்கொள்ளத் தடையில்லை. ஆனால் பழைய நம்பிக்கையாளர்களின் தேவாலயத்துக்குப் போனால் வெளியாட்கள் சேர்ந்து பாடுவதையோ பதிவு செய்வதையோ அவர்கள் விரும்பாமல் இருக்கலாம். கேட்டுவிட்டுச் செய்யுங்கள். வேண்டாம் என்றால் பின்னால் நின்று கேட்பதே போதும். அங்கே பலர் குறியைப் பார்க்காமல் செவிவழியாக வந்த மெட்டில் பாடுவார்கள், ‘நபேவ்கா’ என்று பெயர், அது ஏட்டிலிருந்து விலகும். ஏட்டைப் பிடித்துக்கொண்டு அவர்களைத் திருத்தப் போகாதீர்கள்.

நிகழ்ச்சி வைத்தால் எதிரொலி உள்ள கல் கட்டடம் கோயில் பாட்டுக்கு. நாட்டுப்பாட்டுக்கு வாசலோ வெட்டவெளியோ, கேட்பவர்கள் சுற்றி உட்காரட்டும், நீங்கள் அவர்களைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பாடுங்கள். ஒலிபெருக்கி வேண்டாம். நாடகக் கடையில் வாங்கிய தலைப்பாகையும் சட்டையும் வேண்டவே வேண்டாம்.

நிகழ்ச்சித் தாளில் ஒவ்வொரு பாட்டுக்கும் மூன்று தகவல் எழுதுங்கள்: எந்த ஏடு அல்லது எந்த ஊர்ப் பதிவு, யார் படித்து எடுத்தது, நாங்கள் சேர்த்தது என்ன. கடைசி வரிதான் எழுதக் கூச்சமாக இருக்கும்.

முதல் வருட முடிவில் ஒரு கிளாஸில் ஏழெட்டுப் பாட்டு, ஒரு பக்திக் கதைப்பாட்டு, ஒரே கிராமத்தின் மூன்று நாலு பாட்டு, மொத்தம் முக்கால் மணி நேரம் வந்தால் ரொம்ப நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். அதைப் பதிந்து, முடிந்தால் பாட்டு வந்த ஊருக்கே அனுப்புங்கள். கேட்டுவிட்டு அவர்கள் சிரித்தால் எந்த இடத்தில் சிரித்தார்கள் என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள், அடுத்த வருடப் பயிற்சியை அந்த இடத்திலிருந்து தொடங்கலாம்.